ஆதரவுக் குடியிருப்பில் ஒரு வேளை உணவு: குடும்பமாகச் சென்று பகிர்ந்துண்ண ஒரு வழிகாட்டி

குடும்பமாகச் சேர்ந்து ஏதேனும் தொண்டு செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தோன்றுவது உணவு வழங்குவதுதான். நல்ல எண்ணம் அது. ஆனால் ஆதரவுக் குடியிருப்பு ஒன்றுக்கு உணவு கொண்டு செல்வதும், வரிசையில் நிற்பவர்களுக்குப் பொட்டலம் கொடுப்பதும் அடிப்படையிலேயே வேறு வேறு செயல்கள். ஆதரவுக் குடியிருப்பில் வசிப்பவர்கள் தங்கள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வருபவர்கள் நீங்கள்தான். என்ன சமைப்பது, எப்படிப் பரிமாறுவது, குழந்தைகளுக்கு என்ன சொல்வது, எப்போது விடைபெறுவது ஆகிய எல்லாவற்றையும் இந்த ஓர் உண்மையிலிருந்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாருடைய வீட்டுக்குப் போகிறோம்

நீண்ட காலம் வீடின்றி வாழ்ந்தவர்கள், கடுமையான மனநோயோடு வாழ்பவர்கள், மதுவிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ மீண்டு வருபவர்கள், மாற்றுத்திறனாளிகள், துணையற்ற முதியவர்கள் ஆகியோர் நிலையாகத் தங்கி வாழ்வதற்கென அமைந்தவை ஆதரவுக் குடியிருப்புகள். இரவில் படுத்துக் காலையில் வெளியேறும் தற்காலிகக் காப்பகங்கள் அல்ல அவை. பெரும்பாலான இடங்களில் வாடகை ஒப்பந்தம் குடியிருப்பவரின் பெயரிலேயே இருக்கும்; அவருடைய அறைச் சாவி அவரிடமே இருக்கும்; சமூகப் பணியாளர், செவிலியர், மனநல ஆலோசகர் போன்றோரின் உதவி அதே கட்டடத்திலோ அருகிலோ கிடைக்கும்.

முதலில் குடியை நிறுத்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, பிறகு வீடு தருகிறோம் என்பதே நெடுங்காலம் பல நாடுகளில் நடைமுறையாக இருந்தது. இந்த வரிசையை மாற்றி, எந்த நிபந்தனையும் இல்லாமல் முதலில் வீடு, அதன் பிறகு அவர் விரும்பும் உதவி என்ற முறையை 1992-இல் நியூயார்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கினார். பின்லாந்து 2008 முதல் இதைத் தன் தேசியக் கொள்கையாக்கி, பழைய காப்பகங்கள் பலவற்றைத் தனித்தனி வீடுகளாக மாற்றியது. கனடாவில் 2009 முதல் 2013 வரை 5 நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டோரிடம் இம்முறை சோதிக்கப்பட்டபோது, நிபந்தனையின்றி வீடு பெற்றவர்கள் அந்த வீட்டிலேயே நிலைத்திருப்பது வழக்கமான முறையைவிடத் தெளிவாகவே கூடுதலாக இருந்தது.

ஆனால் வீடு கிடைத்த கையோடு உறவும் கிடைத்துவிடுவதில்லை. தெருவில் இருந்தபோது கூட இருந்தவர்களை விட்டு வந்திருப்பார்கள். குடும்பத்தோடு தொடர்பு அறுந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். புதிய அறையில் நான்கு சுவர்களுக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் நாட்களே அதிகமாக இருக்கும். தனிமையை ஓர் உடல்நலப் பிரச்சினையாகவே கருதி உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அதற்கெனத் தனி ஆணையம் அமைத்தது. பிறரோடு சேர்ந்து உண்பதைப் பற்றி 2025-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை ஒரு முழு அத்தியாயமே எழுதியிருக்கிறது. சேர்ந்து உண்பதால் மனநிறைவு வருகிறதா, மனநிறைவு உள்ளவர்கள் சேர்ந்து உண்கிறார்களா என்பதை அந்தத் தரவு முடிவாகச் சொல்லிவிடவில்லை. இரண்டும் நெருங்கிய தொடர்புடையவை என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டுகிறது.

ஆகவே நீங்கள் கொண்டுபோகும் உணவு வயிற்றுக்கு எவ்வளவு தேவையோ, அதைவிட அதிகமாக உடன் உட்கார்ந்து சாப்பிட ஆள் தேவைப்படும் இடம் இது. குறைந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு வேளை நல்ல உணவு பெரிய உதவிதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உணவை வைத்துவிட்டுக் கிளம்பிவிடும் குடும்பத்தைவிட, எளிய உணவோடு வந்து அதே மேசையில் அமர்ந்து கை நனைக்கும் குடும்பமே அங்கு நெடுநாள் நினைவில் இருக்கும்.

முதல் தொலைபேசி அழைப்பு

உங்கள் ஊரில் இத்தகைய குடியிருப்புகளை நடத்துவது யார் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தின் வீட்டுவசதிப் பிரிவிலோ, மனநலத் தொண்டு நிறுவனங்களிலோ, வழிபாட்டு இடங்களிலோ கேட்டால் தெரிந்துவிடும். முன்னறிவிப்பின்றி உணவோடு வாசலில் போய் நிற்கக்கூடாது. தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் ஊழியரிடம் குறைந்தது சில வாரங்களுக்கு முன்பே பேசி, முடிந்தால் பெரியவர் ஒருவர் மட்டும் முதலில் சென்று இடத்தைப் பார்த்து வருவது நல்லது.

அந்தப் பேச்சில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவற்றுள் மிக முக்கியமானது, வீட்டில் சமைத்த உணவை ஏற்றுக்கொள்வார்களா என்பது. சில இடங்களில் அங்குள்ள சமையலறையில்தான் சமைக்க வேண்டும். சில இடங்களில் உரிமம் பெற்ற சமையற்கூடத்தில் தயாரித்த உணவு மட்டுமே அனுமதிக்கப்படும். இது அந்தந்த நாட்டின், நகரத்தின் உணவுப் பாதுகாப்பு விதிகளைப் பொறுத்தது. குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயது ஏதும் வைத்திருக்கிறார்களா, பெரியவர்களுக்குக் காவல்துறைச் சான்று போன்ற பின்னணிச் சோதனை தேவையா, பொது உணவறையில் எத்தனை பேர் அமரலாம், அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் பயன்படுத்தக் கிடைக்குமா, குடியிருப்போர் வழக்கமாக எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்பவற்றையும் கேளுங்கள். மாலை மருந்து கொடுக்கும் நேரத்தோடு உங்கள் வருகை மோதினால் பாதிப் பேர் மேசைக்கு வரமாட்டார்கள். பின்னணிச் சோதனை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அங்கு வசிப்பவர்களில் பலர் வாழ்க்கையில் ஏமாற்றத்தையும் வன்முறையையும் கண்டவர்கள். அவர்களைக் காப்பதற்கான ஏற்பாடு அது என்று புரிந்துகொண்டால் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

எந்த நாளில் வரலாம் என்று கேட்கும்போது, ‘யாரும் வராத நாள் எது?’ என்று கேளுங்கள். பண்டிகை நாட்களிலும் ஆண்டிறுதியிலும் தன்னார்வலர்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். அதன் பிறகு வரும் வெறுமையான வாரங்களில்தான் மேசை காலியாகக் கிடக்கும். மாதக் கடைசியும் அப்படித்தான். உதவித்தொகையை நம்பி வாழ்பவர்களின் கையில் பணம் தீர்ந்திருக்கும் நாட்கள் அவை.

குழந்தைகளிடம் பேசுதல்

குழந்தைகளுக்கு முன்கூட்டியே உண்மையைச் சொல்லுங்கள். வயதுக்கேற்ற அளவில் சொல்லுங்கள். ‘நாம் சிலரோடு சேர்ந்து சாப்பிடப் போகிறோம். அவர்களில் சிலர் முன்பு வீடில்லாமல் கஷ்டப்பட்டவர்கள். சிலருக்கு மனத்தில் நோய் இருக்கிறது, அதற்கு மருந்து சாப்பிடுகிறார்கள். சிலர் அதிகம் பேசுவார்கள், சிலர் பேசவே மாட்டார்கள்’ என்ற அளவு ஒரு சிறு பிள்ளைக்குப் போதும். ‘பாவம்’ என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுச் செல்வது நல்லது. பாவம் பார்க்கும் பார்வை பிள்ளையின் முகத்தில் எழுதியிருந்தால் அதை எதிரே இருப்பவர் ஒரு நொடியில் படித்துவிடுவார். ‘உனக்கு இதெல்லாம் கிடைத்திருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் பார்’ என்று பிள்ளைக்குப் பாடம் நடத்துவதற்காக மற்றவருடைய வாழ்க்கையைக் காட்சிப்பொருளாக்குவது அதைவிடத் தவறு. அதுதான் உங்கள் நோக்கமென்றால் போகாமல் இருப்பதே மேல்.

என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ‘உங்களுக்கு ஏன் வீடு இல்லாமல் போனது?’, ‘உங்கள் பிள்ளைகள் எங்கே?’, ‘உங்களுக்கு என்ன நோய்?’ என்பவை கேட்கக்கூடாத கேள்விகள். ‘உங்களுக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்?’, ‘சின்ன வயதில் என்ன சாப்பிடப் பிடிக்கும்?’, ‘இந்தச் செடியை நீங்களா வளர்க்கிறீர்கள்?’ என்பவை தாராளமாகக் கேட்கலாம். அப்படியும் ஒரு பிள்ளை கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டால், அதட்டி வாயடைக்க வேண்டாம். பெரும்பாலானோர் குழந்தையின் கேள்வியைப் பெரியவரின் கேள்வியைவிட எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சை வேறு பக்கம் மெல்லத் திருப்பினால் போதும்.

சிறு பிள்ளைகள் கைத்துடைப்பான் மடித்து வைக்கலாம், பெயரட்டை எழுதலாம், ரொட்டித் தட்டையும் பழத்தட்டையும் மேசைக்கு மேசை கொண்டுபோகலாம். கொதிக்கும் பாத்திரத்தின் அருகே அவர்களை விடக்கூடாது. பதின்ம வயதினருக்கு உண்மையான பொறுப்பைக் கொடுங்கள்: கொள்முதல் பட்டியல் தயாரிப்பது, ஒரு பதார்த்தத்தை முழுமையாகச் சமைப்பது, பலகை விளையாட்டு ஒன்றை நடத்துவது. வர விருப்பமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வீட்டில் காய் நறுக்கிக் கொடுப்பதும் பங்களிப்புதான். சென்ற இடத்தில் பயந்துவிட்டால் உடனே அழைத்துக்கொண்டு வெளியே வர ஒரு பெரியவர் தயாராக இருக்க வேண்டும். குழந்தைகள் எப்போதும் பெற்றோரின் பார்வையில், பொது இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதும், எவருடைய தனி அறைக்கும் செல்லக்கூடாது என்பதும், வீட்டு முகவரியையோ பள்ளிப் பெயரையோ தொலைபேசி எண்ணையோ சொல்லக்கூடாது என்பதும் விதிவிலக்கில்லாத விதிகள். இவை அங்கிருப்பவர்களைச் சந்தேகிப்பதற்காக அல்ல. அறிமுகமற்ற பெரியவர்கள் உள்ள எந்த இடத்துக்கும் இவை பொருந்தும்.

என்ன சமைப்பது

நமக்கு எது நன்றாகச் சமைக்க வரும் என்பதை இரண்டாவதாக யோசிக்கலாம். அவர்களுக்கு என்ன சாப்பிட ஆசை என்று ஊழியர் வழியாக முதலில் கேளுங்கள்; இரண்டு மூன்று தேர்வுகளை எழுதி அறிவிப்புப் பலகையில் வைத்தால் அவர்களே குறித்துவிடுவார்கள். பல ஆண்டுகளாக எவர் எதைக் கொடுத்தாரோ அதையே சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு, உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்பதே பெரிய மாற்றம்.

பிறகு உடல்நிலை சார்ந்தவை. வெளியில் வாழ்ந்த காலத்தில் பல் மருத்துவம் கிடைக்காமல் பற்களை இழந்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆகவே கடினமான இறைச்சியையும் முறுகலான பதார்த்தங்களையும் தவிர்த்து, மென்மையாக வெந்த காய்கறி, பருப்பு, குழம்பு வகைகள், கெட்டியான சூப், முட்டை, எலும்பு நீக்கிய மீன், கனிந்த பழங்கள் என்று திட்டமிடுவது பொருத்தமாக இருக்கும். மனநல மருந்துகளில் பல வாயை உலரச் செய்பவை. உலர்ந்த உணவு அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது என்பதால் ஒவ்வொரு மேசையிலும் நிறையத் தண்ணீரும், உணவில் போதிய நீர்ப்பதமும் இருக்கட்டும். லித்தியம் போன்ற மருந்துகளால் சிலருக்குக் கை நடுங்கும். தட்டையான தட்டோடு, குழிவான கிண்ணங்களையும் பிடியுள்ள கோப்பைகளையும் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டால், எவரும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய சங்கடம் இருக்காது. சில மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டி நீரிழிவுக்கு வழிவகுப்பவை என்பதால், இனிப்பு வைத்தாலும் அதன் அருகில் பழமும் இருக்க வேண்டும்.

மருந்தோடு மோதும் உணவுகள் சிலவும் உண்டு. வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உட்கொள்பவர்கள் கீரை வகைகளை உண்ணும் அளவு திடீரென்று மாறக்கூடாது. எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழம் கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மருந்துகளின் வீரியத்தை மாற்றும். பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றோடு நெடுநாள் முதிரவைத்த பாலாடைக்கட்டி ஆபத்தானது. யார் எந்த மருந்தை உட்கொள்கிறார் என்பது உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை, கேட்கவும் கூடாது. உணவுப் பட்டியலையும் அதில் சேரும் பொருட்களையும் ஒரு வாரம் முன்பே ஊழியரிடம் கொடுத்துவிட்டால், செவிலியர் பார்த்துச் சொல்லிவிடுவார். மது மட்டும் எந்த வடிவிலும் உணவில் சேரக்கூடாது. கொதித்தால் ஆவியாகிவிடும் என்பது முழு உண்மை அன்று. ஒரு பகுதி தங்கிவிடும். குடியிலிருந்து மீள்பவர்களுக்குக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் என்ற மருந்து சிறிதளவு மதுவோடு சேர்ந்தாலும் கடும் வாந்தியையும் படபடப்பையும் உண்டாக்கும். மருந்து எடுக்காதவருக்கும் அந்த மணமும் சுவையும் பழைய வேட்கையைக் கிளறக்கூடும்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இருந்தால், அவர்களுக்கான பதத்தை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். உணவு, பானங்களின் பதத்தை 0 முதல் 7 வரை 8 நிலைகளாகப் பகுக்கும் சர்வதேச முறை ஒன்று இருக்கிறது. அந்த நபருக்கு எந்த நிலை என்பது ஊழியருக்குத் தெரியும். ஒவ்வாமையைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியம் 14 பொருட்களையும், அமெரிக்கா 2023 முதல் எள்ளையும் சேர்த்து 9 பொருட்களையும் அறிவிக்கச் சொல்கிறது. நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு போன்ற ஓட்டுடலிகள், எள் ஆகியவற்றில் எது ஒரு பதார்த்தத்தில் இருந்தாலும், பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி அந்தப் பாத்திரத்தின் முன் வையுங்கள். இறைச்சி உண்பவர்களும் உண்ணாதவர்களும் ஒரே மேசையில் இருப்பார்கள். முதன்மை உணவைச் சைவமாகச் செய்து இறைச்சியைத் தனிப் பதார்த்தமாக வைத்தால் இரண்டு சமையல் செய்யும் வேலை மிச்சமாகும்.

அளவைப் பற்றி ஒரு சொல். கட்டடத்தில் 40 பேர் வசித்தாலும் 40 பேரும் மேசைக்கு வரமாட்டார்கள். ஆனால் அறையை விட்டு வரமுடியாதவர்களுக்கும் உணவு போக வேண்டும். கடந்த முறை எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு அறைக்கு அனுப்பினார்கள் என்று கேட்டுத் திட்டமிடுங்கள். இரண்டாம் முறை கேட்பவருக்கு இல்லை என்று சொல்லும் நிலை வரக்கூடாது.

பாதுகாப்பு

வீட்டுச் சமையலுக்கும் பலருக்கான சமையலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வெப்பநிலைதான். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, உணவின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்டும் வரை சமைக்க வேண்டும். சூடாகப் பரிமாறுவதைப் பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்ததை 5 டிகிரிக்குக் கீழும் வைத்திருக்க வேண்டும். சமைத்த உணவு அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கையால் தொட்டுப் பார்த்து இவற்றை அறிய முடியாது. உணவு வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள்.

முந்தைய நாள் சமைத்துக் கொண்டுபோவதாக இருந்தால், பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்பதனப் பெட்டியில் வைப்பதுதான் பலரும் செய்வது. அதன் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகளுக்கு அதைவிட வசதி வேறில்லை. அகலமான, ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து விரைவாக ஆற வைத்துக் குளிரூட்டுங்கள். சோற்றில் கூடுதல் கவனம் தேவை: அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பி, சோறு வெளியில் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. குடும்பத்தில் எவருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அவர் சமைக்கவோ வரவோ கூடாது. அங்கிருப்பவர்களில் பலர் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள். நமக்கு ஒரு நாள் உபாதையாக முடிவது அவர்களை மருத்துவமனையில் சேர்த்துவிடும்.

மேசையில்

வந்தவுடன் சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டு, குடியிருப்போரை உட்கார்ந்து காத்திருக்கச் சொல்வது நாம் எளிதில் செய்துவிடும் காரியம். அது வேண்டாம். தட்டு எடுத்து வைக்கட்டுமா என்று ஒருவர் கேட்டால், வேண்டாம் நீங்கள் உட்காருங்கள் என்று அன்பாக மறுப்பது அவரை அவருடைய வீட்டிலேயே விருந்தாளியாக்கிவிடுகிறது. கேட்பவருக்கு வேலை கொடுங்கள். கேட்காதவர்களிடமும், கரண்டிகள் எந்த இழுப்பறையில் இருக்கின்றன என்று நீங்களே உதவி கேளுங்கள். நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார்; உப்பு போதுமா என்று அவரைச் சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேசைக்குப் பின்னால் வரிசையாக நின்று கரண்டியால் அள்ளிப் போடுவதைவிட, ஒவ்வொரு மேசைக்கும் பாத்திரங்களைக் கொண்டுபோய் வைத்து, அவரவரே பரிமாறிக்கொள்ள விடுவது சிறந்தது. ‘அந்தக் கிண்ணத்தை இப்படித் தருகிறீர்களா?’ என்ற ஒரு வாக்கியத்திலேயே பேச்சு தொடங்கிவிடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி இருக்கட்டும். உங்கள் குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் கூடி உட்காரக்கூடாது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையுமாகப் பிரிந்து வெவ்வேறு மேசைகளில் அமருங்கள். உட்காரும் முன், ‘இங்கே உட்காரலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் வருத்தப்படாமல் அடுத்த மேசைக்குச் செல்லுங்கள். எல்லோரும் சாப்பிடும் அதே உணவை, அதே நேரத்தில், அதே வகைத் தட்டில் நீங்களும் சாப்பிட வேண்டும்.

உங்கள் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேளுங்கள். அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். வயதில் மூத்தவர்களை அவர்கள் விரும்பும் மரியாதையோடு விளியுங்கள். மனநோய் இருப்பதாலேயே ஒரு முதியவரை ஒருமையில் அழைக்கவோ, குழந்தையிடம் பேசுவதுபோல் குரலைக் குழைக்கவோ கூடாது. அவர் தானாகத் தன் கடந்தகாலத்தைச் சொன்னால் கேளுங்கள். துருவ வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். உங்கள் மதத்துக்கோ அரசியலுக்கோ ஆள் சேர்க்கும் இடம் அதுவன்று. பேசாமல் சாப்பிடுபவர் பக்கத்தில் பேசாமல் சாப்பிடுவதும் துணைதான். இருபது பேர் உள்ள அறையின் சத்தம் சிலருக்குத் தாங்காது. ஒருவர் பாதியில் எழுந்து தட்டோடு அறைக்குப் போனால் அதை உங்கள் தோல்வியாக எண்ணாதீர்கள், வாசல்வரை வந்ததே அவருக்கு அன்றைய பெரிய முயற்சியாக இருந்திருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு எவரேனும் பேசிக்கொண்டிருந்தால், அந்தக் குரல் உண்மையா என்று வாதிடவும் வேண்டாம், உங்களுக்கும் கேட்பதாக நடிக்கவும் வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றட்டுமா?’ என்று கேட்பது எப்போதும் சரியாக இருக்கும். குரல் உயர்ந்து சண்டை மூண்டால் நடுவில் போகாமல், எவரையும் தொடாமல், பிள்ளைகளை நிதானமாக அப்பால் அழைத்துச் சென்று, சண்டையைக் கவனிப்பதை ஊழியரிடம் விட்டுவிடுங்கள். பணம் கேட்பவரிடம், ‘நாங்கள் இங்கு யாருக்கும் பணம் கொடுப்பதில்லை, ஊழியரிடம் உங்களுக்கு என்ன தேவை என்று சேர்ந்து சொல்லலாமா?’ என்று கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒருவருக்கு ரகசியமாகக் கொடுத்தால் அது மற்றவர்களுக்குத் தெரிந்து, மேசையில் இருந்த சமநிலை கெட்டுவிடும்.

புகைப்படம் எடுக்காதீர்கள். உணவை மட்டும்தானே எடுக்கிறேன் என்று எண்ணி எடுக்கும் படத்தின் ஓரத்திலும் ஒரு முகம் விழும். தேடிவரும் வன்முறையாளரிடமிருந்து ஒளிந்து வாழ்பவர்கள் அங்கு இருக்கலாம். தான் அங்கு வசிப்பதை உறவினரிடம் சொல்லாதவர்களும் இருக்கலாம். பிள்ளைகளின் கைப்பேசிகளும் பையிலேயே இருக்கட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவுவதைச் சேர்ந்தே செய்யுங்கள்; பல நேரங்களில் மேசையில் பேசாதவர் தொட்டியருகே பேசுவார். மீந்த உணவை ஊழியரின் அனுமதியோடு சிறு பெட்டிகளில் போட்டு, பெயரும் தேதியும் எழுதிக் குளிரூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

வீடு திரும்பிய பிறகு

பிள்ளைகள் தாங்களாகப் பேசத் தொடங்கும்வரை பொறுத்திருங்கள். அந்த மாமா ஏன் தனக்குத்தானே சிரித்தார் என்ற கேள்வி இரண்டு நாள் கழித்தும் வரலாம். வரும்போது நேராகப் பதில் சொல்லுங்கள். அங்கு கேட்ட எவருடைய கதையையும் பள்ளியிலோ உறவினர் வீட்டிலோ சொல்லக்கூடாது என்பதை அப்போது நினைவூட்டுங்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். இதற்கு ஒரே விதிவிலக்கு, எவரேனும் தன்னைத் துன்புறுத்திக்கொள்ளப் போவதாகவோ, யாராவது தன்னை அடிப்பதாகவோ சொல்லியிருந்தால், அங்கிருந்து கிளம்பும் முன்பே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது.

தொடர்ந்து போதல்

ஆண்டுக்கொரு முறை பெரிய விருந்து படைப்பதைவிட, மாதந்தோறும் ஒரே கிழமையில் எளிய உணவோடு போவதையே நான் பரிந்துரைப்பேன். வருவேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களை வாழ்க்கையில் நிறையக் கண்டவர்களிடம் நம்பிக்கை மெல்லத்தான் முளைக்கும். முதல் சில வருகைகளில் அறை பாதி காலியாக இருப்பதும், பேச்சு ஒட்டாமல் இருப்பதும் இயல்பு, அதற்காக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் குடும்பத்தால் மாதந்தோறும் முடியாதென்றால், இன்னும் இரண்டு குடும்பங்களோடு முறைவைத்து, வரவிருக்கும் மாதங்களின் அட்டவணையை உணவறையில் ஒட்டிவையுங்கள்.

சில மாதங்கள் பழகிய பின், அடுத்த முறை என்ன சமைக்கலாம் என்பதோடு, அடுத்த முறை நீங்கள் சமைக்கிறீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள். பொருட்களை நீங்கள் வாங்கி வரலாம். சமையலை அவர்கள் முன்னின்று நடத்த, உங்கள் பிள்ளைகள் காய் நறுக்கலாம்.

ஒரு மாதம் வர இயலாவிட்டால், ஊழியருக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்காமல், அறிவிப்புப் பலகையில் போடும்படி உங்கள் கையெழுத்தில் ஒரு குறிப்பும் அனுப்புங்கள். ஊர் மாற்றம், படிப்பு, நோய் என்று முற்றிலும் நிறுத்த நேர்ந்தால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு வருகைகளுக்கு முன்பே மேசையில் எல்லோரிடமும் சொல்லுங்கள். உங்களுக்குப் பதிலாக வரப்போகும் குடும்பத்தை அடுத்த வருகையில் கூடவே அழைத்துச் சென்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். யாருக்குக் கிண்ணம் வேண்டும், யார் சன்னலோர நாற்காலியைத் தவிர வேறெங்கும் அமரமாட்டார், யாருடைய உணவை அறைக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றையும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள்.